தமிழ்மதியின் நெஞ்சு நின்ற நேரங்கள்

தமிழ்மதி ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த ஆண்டு, ஜூலை மாதம் இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து, பள்ளிக்கூட நாட்களில் காலை ஒன்பது பத்துக்கு அவளுடைய இதயம் நின்றுவிடும். மாலை நாலு இருபதுக்குக் கடைசி மணி அடித்ததும் மறுபடி துடிக்கத் தொடங்கும். இடையில் அவள் நடந்தாள், எழுதினாள், டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கினாள். கை மட்டும் சில்லென்று இருக்கும். இதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். விளையாட்டு பீரியடில் நாலு சுற்று ஓடி முடித்து எல்லாப் பிள்ளைகளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது அவளும் பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியதுபோல இருந்தது. அன்றைக்கு அவளுக்குப் பயம் வரவில்லை. மறுநாளும் அப்படியே இருந்தபோதுதான் வந்தது. வந்த பயம் பிறகு போகவில்லை.

நாகல் நகரில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த ரஃபியா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். ஆகஸ்டில் ஒருநாள் தமிழ்மதி வயிற்றுவலி என்று பொய் சொல்லி மதியமே பள்ளியை விட்டு வந்தாள். அம்மா சண்முகவள்ளி அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ரஃபியா வேலை பார்த்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். ஈசிஜி தாளில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரே கோடு வந்தது. இயந்திரத்தில் கோளாறு என்று டாக்டர் வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதே கோடு. அவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதி, அடுத்த முறை பள்ளி விடுமுறை நாளில் அழைத்து வரும்படி சொன்னார். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னபோது வகுப்பாசிரியை விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வருகைக்கும், ஷூவுக்கும், இரட்டைச் சடைக்கும் விதி இருந்தது. இதயத்துக்கு எதுவும் இல்லை.

செப்டம்பரில் தமிழ்மதி வீட்டில் பேச்சை எடுத்தாள். பள்ளியை விட்டு நின்று வீட்டிலேயே படித்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னாள். எந்தப் பாடத்தை எந்த மாதம் முடிப்பது என்று அட்டவணைகூடப் போட்டு வைத்திருந்தாள். அப்பா மலைச்சாமி ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வீட்டில் குரலை உயர்த்தாதவர். "ஊரே போகுதே தாயி. எல்லாப் பிள்ளைகளுமா செத்துப்போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சண்முகவள்ளி அட்டவணையை வாங்கிப் பார்க்கவே இல்லை. "நான் பத்தாவதுல கணக்குல விட்டேன். அடுத்த வருசம் எழுதிக்கலாம், வீட்டுல இருந்தே படின்னுதான் எங்கப்பாரும் சொன்னாரு. பாத்திரம் வெளக்குனேன், பதினெட்டுல கட்டிக்குடுத்துட்டாக. வீட்டுல இருக்குறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டி. நெஞ்சு நின்னாலும் நீ பள்ளிக்கூடத்துலதான் இருக்கணும்."

அதைச் சொன்ன பிறகு அவள் அடுப்படிக்குப் போய் வெஞ்சனம் தாளிப்பதுபோல வெகுநேரம் சும்மா நின்றாள்.

அதற்குப் பிறகு மாலையில் இதயம் திரும்பி வரத் தாமதிக்கத் தொடங்கியது. தமிழ்மதி அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரங்களைக் குறித்தாள். தீபாவளிக்கு முன்பு நாலு முப்பத்திரண்டு, வேனில் வரும்போது. அரையாண்டுத் தேர்வின்போது ஐந்து பத்து, வீட்டு வாசலில். பொங்கல் கழிந்து ஐந்தே முக்கால். ஜனவரிக் கடைசி வெள்ளியன்று ஆறு மணி ஆகியும் துடிப்பு இல்லை, ஏழு ஆகியும் இல்லை. சண்முகவள்ளி மகளின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கி வழிந்ததை இருவருமே பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. "வந்துரும்டி, வந்துரும்" என்று அம்மா சொல்லச் சொல்ல, மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வராவிட்டால் தான் இப்படியே நடந்துகொண்டும் எழுதிக்கொண்டும் இருந்துவிடுவோமோ என்பதுதான் அவளுடைய பெரிய பயமாக இருந்தது. ஏழு நாற்பதுக்கு வந்தது.

"அப்பா, ஒரே ஒரு நாள் என் கிளாஸ்ல வந்து உக்காருங்க. அதுக்கப்புறமும் போகச் சொன்னா போறேன்" என்றாள்.

மலைச்சாமி பெற்றோர் கூட்டத்தன்று போனார். ஆசிரியையிடம் கேட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஓடும் லாரியில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற காது அவருடையது. தமிழ்மதி மூன்றாவது வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முதலில் பக்கத்துப் பையன் மேல் காதைச் சாய்த்தார், அப்புறம் முன் பெஞ்சுப் பிள்ளை மேல். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியதை அவள் பார்த்தாள். மணி அடிக்கும் முன்பே எழுந்து வந்து அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சண்முகவள்ளியிடம்தான் சொன்னார். "நாப்பத்திரண்டு பிள்ளைக இருக்கு, வள்ளி. அம்புட்டுப் பேர் இருக்குற எடத்துல என் நெஞ்சுச் சத்தம் மட்டுந்தான் எனக்குக் கேட்டுச்சு."

சண்முகவள்ளி அன்றைக்குத்தான் அட்டவணையைக் கேட்டு வாங்கினாள். வரி வரியாக முழுதும் படித்தாள். "பாத்திரம் வெளக்குற நேரம்னு இதுல எங்கயும் இருக்கக்கூடாது. பொண்ணு கேட்டு எவனாவது வந்தா நான் வெளக்கமாத்தோட நிப்பேன். கணக்கு மட்டும் எனக்குஞ் சேர்த்துச் சொல்லிக்குடு" என்றாள்.

அவள் பள்ளிக்குப் போகாத முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ரஃபியா வேலைக்குப் போகாமல் ஸ்டெதஸ்கோப்போடு வந்திருந்தாள். ஒன்பது பத்து ஆனது. ஒரு துடிப்பு தவறியது. இரண்டாவதும் தவறியது. சண்முகவள்ளி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது வந்தது, பிறகு எல்லாம் வந்தன. ரஃபியா கருவியைக் கழற்றி சண்முகவள்ளியின் காதில் மாட்டிவிட்டாள்.

மறு ஆண்டு ஏப்ரலில் அம்மாவும் மகளும் தனித்தேர்வர்களாகத் தேர்வு எழுதினார்கள். அம்மா கணக்கு மட்டும். தேர்வு மையமும் ஒரு பள்ளிக்கூடம்தான் என்பதால் ஐந்து நாளும் மூன்று மணி நேரம் தமிழ்மதியின் இதயம் நின்றது. கணக்கன்று பக்கத்து அறையில் சண்முகவள்ளிக்கும் நின்றது. அவள் பதறாமல் கடைசிக் கேள்வி வரை எழுதினாள். மகள் நானூற்று நாற்பத்தேழு வாங்கினாள், தாய் முப்பத்தெட்டு.

மலைச்சாமி கேட்டது ஊரில் பரவியது; அந்த வகுப்பின் மற்ற நாற்பத்தொரு பேரில் இருவரின் பெற்றோர் அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்றைக்கும் போகிறார்கள். தெருவில் மாலை வேன் வந்து நின்றதும் அம்மாக்கள் பையை வாங்குவதற்கு முன்பு பிள்ளையின் நெஞ்சில் காதை வைக்கிறார்கள். சத்தம் கேட்டால் உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுக்கிறார்கள். கேட்காவிட்டால் அங்கேயே நின்று காத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று வேன் டிரைவர் என்ஜினை அணைத்துவிடுகிறார்.