சாயிரா பார்க்காத ஆட்டம்

சாயிரா பாங்காக்கிலிருந்து தாராவி வந்து சேர்ந்தபோது, சந்து முனையில் அவளே ஆளுயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தாள். பேனரில் 'தங்கம் வென்ற வீரமங்கை சாயிரா உதுமான்' என்று போட்டிருந்தது.

"நாங்க நாலாவதுல்லா வந்தோம்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"நாலாவதுன்னு பேனர் அடிச்சா எவன்ளா திரும்பிப் பாப்பான்?" என்றார் உதுமான். தோல் பை தைக்கும் பட்டறைக்காரர். கொஞ்சம் பளபளப்பு வேண்டும் அவருக்கு.

சொல்லப்போனால் வீராங்கனை சாயிராவே இல்லை, செம்பூர் ஷர்மிளா. வயது இருபத்தாறு. பிறந்ததிலிருந்தே கைகால் அவள் சொன்னபடி கேட்டதில்லை, பேச்சும் குழறும். அவள் ஆடுவது போச்சா என்கிற பந்தாட்டம். களத்தில் கிடக்கும் வெள்ளைப் பந்துக்கு எவ்வளவு நெருக்கமாகத் தன் பந்தை நிறுத்துகிறாளோ அவ்வளவு நல்லது. நெற்றியில் கட்டிய கம்பியால் பந்தைத் தட்டிவிடுவாள். அது ஒரு சரிவுப் பலகை வழியே உருண்டு போகும். அவள் தலையசைக்கும் பக்கம் பலகையை நகர்த்துவது சாயிராவின் வேலை. ஆனால் விதிப்படி சாயிரா ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். திரும்பக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. இதைக் கேட்ட அன்றே உதுமான், "அந்த ரெண்டாவது ரூல வீட்டுக்கும் போட முடியுமா சார்?" என்று பயிற்சியாளரிடம் விசாரித்துவிட்டார்.

"மேட்ச் எப்படி இருந்துச்சு மைனி?" என்று பக்கத்து வீட்டு நஸீரா ஓடிவந்தாள்.

"நான் எங்க பாத்தேன்? அந்தப் புள்ள மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"ஏரோப்ளேன் ஏறிப் போயி மூஞ்சியப் பாத்துட்டு வந்தியளா!"

சாயிரா சிரித்துவைத்தாள். உள்ளே சிரிப்பு வரவில்லை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கடைசிப் பந்து ஓரமாக ஓடிவிட்டது. "பலகை ஒரு விரக்கடை நகர்ந்திருக்கும்" என்று பயிற்சியாளர் விமானத்தில் சொன்னார். ஷர்மிளா அப்போது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். தன் கைதான் கெடுத்தது என்று சாயிரா முடிவு கட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சந்தில் பாராட்டு விழா. ஷர்மிளா செம்பூரிலிருந்து டாக்ஸியில் வந்து, சக்கர நாற்காலியில் மேடையருகே உட்கார்ந்தாள். ஏரியா கட்சிக்காரர் நயினார், கையிலிருந்த ஒரே சால்வையைச் சாயிராவுக்குப் போர்த்தினார். பிறகு ஷர்மிளாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். சாயிரா பக்கம் திரும்பி, "பாப்பாவுக்கு நாம பேசுறது புரியுமா?" என்றார்.

ஷர்மிளா ஏதோ சொன்னாள். சாயிராவைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை.

"என்ன சொல்லுது? மைக்குல சொல்லும்மா."

சாயிரா மைக்கை வாங்கினாள். "காது நல்லா கேக்கும், கத்தாண்டாம்ங்கா. ஒங்க வாயி ரொம்ப குட்கா நாறுதாம்."

சந்து முழுக்க விசில். நயினார் வாயைப் பொத்திக்கொண்டே சால்வையை உருவி ஷர்மிளாவுக்குப் போர்த்தினார்.

அதோடு விடவில்லை ஷர்மிளா. ஆட்டத்தைத் தானே சொல்வதாகச் சொன்னாள். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சாயிரா மைக்கில் எடுத்துச் சொன்னாள். எதிராளியின் சிவப்புப் பந்துகள் எங்கெங்கே நின்றன, ஷர்மிளாவின் நீலப் பந்து எதை இடித்துத் தள்ளியது எல்லாமே சாயிராவுக்குப் புதுச் செய்தி. தன் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு நடந்ததா என்று வாய் பிளந்தாள்.

"கடைசிப் பந்து. பலகை ஏக்தம் சரியா, நூல் பிசகாம இருந்துச்சு," என்றாள் ஷர்மிளா. "பக்கத்து கோர்ட்டுல பிரேசில்காரன் ஒருத்தன் ஜெயிச்சிட்டுச் சட்டையக் கழட்டிச் சுத்துனான். நான் அங்க பாத்துட்டேன் அக்கா. கம்பி கோணலா இடிச்சிருச்சு."

சாயிரா மைக்கில் சொல்வதைப் பாதியில் நிறுத்தினாள். ஆட்டத்தின்போது ஷர்மிளாவின் கண் ஒரு நொடி விலகியதை அவள் பார்த்திருந்தாள். தூசி விழுந்துவிட்டதோ என்று நினைத்து, பாவம் என்றுகூட இரக்கப்பட்டிருந்தாள்.

"அடிப் பாதகத்தி! மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலட்டி!" மைக் அதையும் சந்து முழுக்கச் சொன்னது.

"ஃப்ளைட்ல ரெண்டு பிரியாணி எறங்குச்சே?"

"அது நீ வேண்டாம்னு வச்சது!"

சாயிரா முறைத்துப் பார்த்தாள். முறைப்பு நிலைக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடந்ததை ஒளிக்காமல் அப்படியே கூட்டத்துக்குச் சொன்னாள்.

"ஆளு எப்படி இருந்தானாம்?" என்று நஸீரா கத்தினாள்.

ஷர்மிளா விளக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே சாயிரா மைக்கை அணைத்துவிட்டு, "மிச்சத்த வீட்ல வந்து சொல்லுட்டி" என்று நாற்காலியைத் தள்ளினாள். சந்துப் பெண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள், ஆண்கள் டீக்கடைக்கு நழுவினார்கள். நயினாரின் சொற்பொழிவைக் கேட்க உதுமான் மட்டும் மிஞ்சினார்.