முடிச்ச கட்டம்

மாமனாரைக் காணோம் என்றதும் வீட்டில் எல்லோரும் செருப்பைத் தேடினார்கள். மூத்த மகன் மட்டும் ஸ்கேலைத் தேடினார். திட்ட அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அவர் போட்ட திட்டம் எதுவும் கட்டடமானதில்லை; ஆனால் போட்ட கோடு ஒன்றுகூடக் கோணியதில்லை.

கிழவர் மறதிக்காரர்; சில நேரம் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமலே இறங்கிப் போயிருந்தார். எங்காவது மயங்கி விழுவதற்குள் பிடித்தாக வேண்டுமே என்று மருமகள் அவசரப்பட்டாள். அவள் கணவரோ சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். முதல் கட்டம் வீடு. கட்டிலடி வரை பார்த்தாயிற்று என்று சிவப்பில் ஒரு டிக். தம்பிக்குப் பூங்கா, தங்கைக்குக் கடைத்தெரு, மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சாலை. மின்விசிறிக்குக் கீழே இருந்த பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

"அவர் நடந்துகிட்டே இருப்பாருங்க. பார்த்த இடத்துக்கே திரும்பி வந்தா?" என்றாள்.

"முடிச்ச கட்டத்துக்குள்ள மறுபடி போனா அதுக்குப் பேரு தேடல் இல்ல, அலைச்சல்."

சொன்னது அவருக்கே பிடித்துப்போய், ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிச் சாலையில் ஆள் இல்லை. தகவல் சொல்லக் கணவருக்குப் போன் போட்டால் பிஸி. யாருக்கோ தன் முறையை விளக்கிக்கொண்டிருந்தார் போலும். அவள் வீட்டுக்கே திரும்பினாள். தெருமுனையில் கைகால் நடுங்க எதிரே வந்தார் மாமனார்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கும்மா. அதோ, அந்த வீட்டுல ஒருத்தர் போனும் கையுமா உட்கார்ந்திருக்கார். அவங்கப்பாவைக் காணோமாம். தலையைத் தூக்காமலே, பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் இல்ல, நீங்க போங்கன்னார். பாவம், பெத்தவரைத் தொலைச்சுட்டு நிக்கறவர்கிட்ட முடியாதுன்னா சொல்றது?"

அவள் அவர் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு அழைத்துப் போய், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, நடுக்கம் நின்றதும் தட்டை வைத்தாள். கொழுந்தனுக்கும் நாத்தனாருக்கும் போன் செய்து வரச் சொன்னாள். தலைமையகத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

"அவரு கிடைச்சாரா?" என்றார் மாமனார், வாய் நிறையச் சோற்றோடு.

"இன்னும் இல்ல மாமா. நீங்க சாப்பிடுங்க."

தட்டுச் சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து அதிகாரக் குரல் வந்தது: உள்ளே யார்?

"இது முடிச்ச கட்டம்ங்க, நீங்க பார்க்க வேண்டாம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.