நோன்பில் நின்ற எண்கள்

பேட்டை லேத் பட்டறையில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. ரமலானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வழக்கம்போல வறுகடலையைக் கொறித்தபடி நின்றேன்; லேத்தின் வேகம் காட்டப் புதிதாக மாட்டிய மீட்டரில் சிவப்பு எண்கள் பெட்டியை விட்டுத் துள்ளின. சுவர் ஆடவில்லை, இரும்பு ஆடவில்லை. எண்கள் மட்டும் ஆடின. பயத்தில் இன்னும் நாலு வறுகடலையை வாயில் போட்டு நொறுக்கினேன். இன்னும் மோசமாக ஆடின. என் வாப்பாவுக்குப் பார்வை போனது நாற்பத்தெட்டு வயதில். எனக்கு நாற்பத்தேழு.

கண் டாக்டரிடம் போகவில்லை. போனால் கண் போகிறது என்று சொல்லிவிடுவாரே! கண் மங்கியவனை லேத் பக்கம் யார் விடுவார்கள்? வீட்டிலும் மூச்சு விடவில்லை. "நூர்முகம்மது" என்று யாராவது கூப்பிட்டாலே எரிந்து விழுந்தேன்.

ரமலான் பிறந்தது. முதல் நோன்பிலேயே எண்கள் அசையாமல் நின்றன. மாதம் முழுக்க நின்றன. லேத் மறைவில் நின்று அழுதேன். பெருநாள் கழித்து வேலைக்கு வந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், மறுபடியும் அதே கூத்து. பெருநாளுக்குப் பின் விருப்பப்பட்டவர்கள் வைக்கும் ஆறு நோன்பையும் வைத்தேன், எண்கள் நின்றன. நோன்பு இருந்தால்தான் கண் என்று முடிவு கட்டி, விடாமல் தொடர்ந்தேன்.

"ஆறு நோன்பும் முடிஞ்சுட்டுல்லா? இன்னும் என்னத்துக்குப் பட்டினி கெடக்கிய?" என்றாள் என் மனைவி ஆபிதா பீவி. அவள்மீதும் பாய்ந்தேன். மெலிந்து போய் இடுப்பில் கைலி நிற்கவில்லை.

பெருநாள் கழிந்து இருபதாம் நாள், மீட்டர்களைச் சோதிக்க எலக்ட்ரீஷியன் கிங்ஸ்லி வந்தார். நோன்பால் தொடாமல் கிடந்த என் கடலைப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். ஒரு கை அள்ளி மென்றவர், மீட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓய் பாய், இங்கன பாரும்! கடலையைக் கடிச்சா நம்பரு குதிக்கு."

அவர் கையைப் பிடித்தேன். "உமக்குமா வே?"

"எல்லாருக்குந்தான். அந்த நம்பரு லைட்டு படபடன்னு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, நமக்குத் தெரியாது. கடிக்கையில மண்டையோட கண்ணும் அதிருதுல்லா, அதான் எடம் மாறித் தெரியுது. கடிக்காம பாரும், நிக்கும்."

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பட்டறையிலேயே நோன்பு திறந்ததும், மீட்டர் முன் நின்று நானே கடித்துப் பார்த்தேன். குதித்தன. நிறுத்தினேன், நின்றன. சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை நாளும் படைத்தவனிடம் பேரம் பேசியிருக்கிறேன்.

மறுநாள் எதையும் கேட்காமல் ஒரு நோன்பு வைத்தேன். அன்றுதான் எனக்குப் பசித்தது.