ஷாக்குக்குள் விளக்கெண்ணெய்

ஆலத்தியூர்ப் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ரிமோட் கார்ப் போட்டி. கவிழாமல் பாறை ஏறினால் கோயம்புத்தூரில் இறுதிச்சுற்று. வளர்மதி இரண்டு வருடமாக ஏங்கியது அதற்குத்தான்.

கடைசிப் பாறையில் ஒரு குழி. முன்சக்கரம் சட்டென்று அதற்குள் இறங்கிப் பாறையைப் பிடித்திருக்க வேண்டும். அது அந்தரத்திலேயே நின்றது. கார் மெதுவாகச் சாய்ந்து மல்லாந்தது.

எடுத்து அமுக்கிப் பார்த்தாள். உடனே எழும்ப வேண்டிய ஷாக், சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. உள்ளே எண்ணெய் மெலிதாக இருந்தால்தான் சக்கரம் வேகமாக இறங்கும். கெட்டியாக இருந்தால் அது இறங்குவதற்குள் கார் கவிழ்ந்துவிடும். மூடியைத் திருகினாள். விளக்கெண்ணெய் வாடை அடித்தது.

இந்தச் சூட்சுமத்தை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, சோறு ஆறியதுகூடத் தெரியாமல், கணவனிடம்.

"என்னங்க, நீங்களா?"

பூவரசன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பின்ன? பொம்மைக் காரத் தூக்கிக்கிட்டு கோயம்புத்தூர் வரைக்கும் போவியா? நீதான அவ்ளோ அழகா வெளக்குன!" என்று சிரித்தான். "ஏறு, வூட்டுக்குப் போவலாம்."

ஏறினாள். பெரம்பலூர் வரைக்கும் ரோடெல்லாம் பள்ளம். பைக்கின் ஷாக் ஒவ்வொரு பள்ளத்திலும் சட்டென்று இறங்கி, சட்டென்று எழுந்தது.