ஓயோஸ் புல் பிடுங்கிய நாள்

ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவுக்கு வந்து எழுபது வருஷம் ஆகியிருந்தது. மிஸ்தேக்கா மலையில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அப்போது இரண்டு பெயர். பாதிரியார் தண்ணீர் ஊற்றி வைத்தது ஒன்று, பிறந்த நாளுக்கு உரியது ஒன்று. ஹெரோனிமாவின் இன்னொரு பெயர் நாலு முயல். கொள்ளைநோயில் புருஷன் போய்விட்டான். மூன்று பிள்ளைகள். ஓடைக்கு மேலே சரிவில் ஒரே ஒரு நிலம்.

அந்த நிலத்தை மூன்று வருஷமாகச் சும்மா போட்டிருந்தாள். களைத்த மண்ணை ஓயவிடுவதுதானே நம் வழக்கம். இந்த மழைக்கு விதைத்தே ஆகவேண்டும். வீட்டில் விதைச்சோளம் ஒரு கூடை இருந்தது, அதைவிட்டால் தின்னுவதற்குக் கொஞ்சம்.

ஓய்கிற நிலம் ஸ்பெயின்காரன் கண்ணுக்கு ஆளில்லாத நிலம். ஆட்டுமந்தை வைத்திருந்த ஓயோஸ் அதைப் பார்த்தான், கேட்டு மனுப் போட்டான். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று ஒரு தாளை, அரைநாள் நடையில் இருக்கிற பெரிய ஊரில், மாதா கோயில் கதவில் ஒட்டினார்கள். அவர்கள் மொழியில். நம்மில் யார் போய்ப் படிப்பது?

ஆகவே அந்தக் காலையில் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. மேலே பார்த்தால் ஓயோஸ், இறகு வைத்த தொப்பியும் முழங்கால்வரை ஏறின தோல் பூட்ஸுமாக, இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்கி ஆகாயத்தில் வீசிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கல்லை எடுத்துக் கிழக்கே எறிந்தான். இன்னொன்றை மேற்கே. கொஞ்ச தூரம் நடந்து போய் மறுபடியும் புல். பக்கத்தில் ஒரு அதிகாரி கைகட்டி நின்றார். கழுத்தில் பலகை தொங்கவிட்ட ஒரு எழுத்தர் விடாமல் எழுதினார்.

"ஏண்டி, அந்த மனுசனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் பெட்ரோனிலா. ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. "ஆட்டுக்குப் புல்லுன்னா ஆளை அனுப்ப மாட்டானா?"

"வேரோட பிடுங்கவே தெரியல பாருக்கா. நுனியக் கிள்ளறான்."

"கல்லு பொறுக்கினா வரப்புல அடுக்கணும். காக்கா விரட்டற மாதிரி எறியறானே!"

ஹெரோனிமா துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, போன ஞாயித்துக்கெழமை பாதிரியார் சொன்னாரே, புருஷன் இல்லாதவளுக்கு ஒத்தாசை பண்ணுங்கன்னு. அதைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கான் போல. என் நிலத்தச் சுத்தம் பண்றான்."

"இவனா? பூனை நோன்பு இருக்கற மாதிரிதான்."

"பின்ன எதுக்கு இந்த வெயில்ல?"

பெட்ரோனிலா கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

ஒருத்தர் நிலத்தில் வேலை தொடங்கிவிட்டால் பார்த்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நமக்கு அது ரத்தத்தில் ஊறினது. துணியை அப்படியே பாறையில் விட்டுவிட்டு ஏறினார்கள். போகிற வழியில் கூப்பிட்டுக்கொண்டே போனதில் மேலே சேரும்போது நாற்பது பேர். வளைத்து உட்கார்ந்தார்கள். புல் பறந்தது, கல் பறந்தது.

ஓயோஸ் கத்தினான். கையை ஆட்டினான். அவர்களோடு வந்த, இரண்டு மொழியும் தெரிந்த பாலேரியோ குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட ஓடையின் கீழ்வளைவுக்குப் போயிருந்தான். அதனால் கத்தினது பெண்கள் ஒருத்திக்கும் புரியவில்லை.

"சந்தோஷம் தாங்கல ஐயாவுக்கு," என்றாள் பெட்ரோனிலா. அவன் மணிக்கட்டைப் பிடித்துப் புல்லின் அடியில் வைத்தாள். "இப்படி அடியில பிடிய்யா. ம், இழு. பாத்தியா, எவ்வளவு லேசா வருது!"

எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி அதிகாரியைப் பார்த்தார்.

இதற்குள் ஹெரோனிமா வீட்டுக்கு ஓடிப்போய், பிள்ளைகளுக்கு என்று சுட்டு வைத்திருந்த சோள ரொட்டியையும் மிளகாய் அரைத்த அவரையையும் கூடையில் எடுத்து வந்துவிட்டாள். ஒரு குடுக்கையில் கற்றாழைக் கள். முதல் ரொட்டியை ஓயோஸிடம் நீட்டினாள். விடிவதற்கு முன்னே குதிரை ஏறினவன். கோபம் ஒருபக்கம் இருந்தாலும் வயிறு கேட்குமா? வாங்கித் தின்றான். இரண்டாவதும் தின்றான். மூன்றாவதைச் சுருட்டி அவரையைத் தொட்டுக்கொண்டிருந்தபோதுதான் பாலேரியோ மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"ஐயோ, ஐயா, அதைத் தின்னாதீங்க!"

"ஏன், விஷமா?" என்று ஓயோஸ் துப்பினான்.

"விஷமில்லீங்க. இந்த ஊர்ல நிலத்துக்காரங்க சோறு போடுவாங்க. வேலைக்கு வந்தவங்க தின்பாங்க."

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். ஆள் விஷயம் தெரிந்துகொள்ளப் பிரியப்படுகிறவர். "இந்தப் பெண்கள் எதற்கு வந்தார்கள் என்று கேள்."

பாலேரியோ கேட்டான், அவர்கள் சொன்னார்கள், அவன் திருப்பிச் சொன்னான். பெண்களுக்கும் அவன் விளக்கினான்: புல்லைப் பிடுங்கி, கல்லை எறிந்து, நடந்து காட்டினால், அதை ஒருத்தரும் மறுக்காவிட்டால், அவர்கள் வழக்கப்படி நிலம் அவனுடையது.

ஹெரோனிமா குடுக்கையைக் கீழே வைத்தாள்.

"புல்லைப் பிடுங்கினாவா?" என்றாள் பெட்ரோனிலா. "அப்ப எங்க ஊர் ஆடெல்லாம் இந்த மலைக்கே ராஜாவா?"

பாலேரியோ அதை மொழிபெயர்க்கவில்லை.

எழுத்தர் தயங்கித் தயங்கிப் பேசினார். "ஐயா, கண்ணால் கண்டதை எழுதுகிறேன் என்று சத்தியம் பண்ணியவன் நான். புல் பிடுங்கியவர்கள் நாற்பத்தொரு பேர். இதில் இவருக்கு மட்டும் என்று எப்படி எழுத?"

"அவளுக சும்மா வேலைக்கு வந்தவளுக!" என்றான் ஓயோஸ்.

"யாருடைய வேலைக்கு?" என்று கேட்ட அதிகாரி ஹெரோனிமா பக்கம் திரும்பினார். "இவருக்கு நீ எதற்குச் சாப்பாடு கொடுத்தாய்?"

பாலேரியோ மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, அதைக் கேட்டான். ஹெரோனிமா நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"என் நிலத்துல வெயில்ல வேலை செஞ்சாரு. பட்டினியா அனுப்பலாமாய்யா?"

"உன் நிலமா?"

"என் நிலம். என் மாமனார் காலத்துலேர்ந்து. மூணு வருஷம் ஓயவிட்டேன், இப்ப எழுப்பப் போறேன்."

அதிகாரி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். "மறுப்பு என்று எழுது. அவள் கொடுத்ததை இவர் தின்றதையும் எழுது. வழக்கு மன்றத்துக்குப் போகட்டும். அதுவரை நிலம் இருக்கிறபடியே இருக்கும்."

ஓயோஸ் கையிலிருந்த ரொட்டியை வீசிவிட்டுக் குதிரையை நோக்கி இறங்கினான்.

ஹெரோனிமா பாலேரியோவின் சட்டையைப் பிடித்தாள். "தம்பி, இருக்கிறபடியேன்னா? புல்லா இருந்தா புல்லாவே விடணுமா?"

அவன் கேட்டுச் சொன்னான். "மன்றத்து ஆள் பார்க்க வர்றப்ப பயிர் நின்னா, அது பயிர் நிலம்னு எழுதுவாங்களாம், ஆளில்லாத நிலம்னு அப்புறம் யாரும் கேக்க முடியாதாம். எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாதாம்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மழைக்கு இன்னும் பத்து நாளோ, இருபது நாளோ. காய்ந்த மண்ணில் விதைத்தால் எறும்புக்கும் பறவைக்கும் போய்விடலாம். அந்த ஒரு கூடையை விட்டால் அவளுக்கு அடுத்த விதை கிடையாது. அவள் சரிவை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பது பேர் கைபட்டதில் மண் வெறுமையாக, சுத்தமாகக் கிடந்தது.

"பெட்ரோனிலாக்கா, குழி போடற குத்துக்கோலு வீட்டுல இருக்கா?"

"இப்பவா? பொட்டு ஈரமில்லடி!"

"இப்பவே. ஆழமாப் போடுவோம்."

பெண்கள் வரிசையாக நின்றார்கள். குழிக்கு நாலு சோளம், ஓர் அவரை என்று பொழுது சாய்வதற்குள் கூடை காலியாகிவிட்டது. அதன் பிறகு தினமும் காலையிலும் மாலையிலும் ஹெரோனிமாவின் மூன்று பிள்ளைகளும் பறவை விரட்டினார்கள். அவள் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, எட்டின மட்டும் கீழ்வரிசைகளுக்கு ஊற்றினாள்.

மழை பதினாறாம் நாள் வந்தது. மேல்வரிசைகளில் பாதி முளைக்கவில்லை. மன்றத்து ஆள் வந்தபோது மீதியெல்லாம் அவர் இடுப்பு உயரம் நின்றது. அவர் உள்ளே நுழைந்து, இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டு, "பயிர் நிலம்" என்று எழுதிக்கொண்டு போனார்.