'சாலா' என்று கூப்பிட்டவன்

அந்தச் சொல்லுக்காக ஒருவன் செத்ததை அலியார் கண்ணால் பார்த்திருக்கிறார்.

திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலம். பம்பாய்க் கப்பலில் வந்த இரண்டு பேர் மூட்டை இறக்குகையில் வாய் கொடுத்துக்கொண்டார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்து "சாலா" என்றான். அடுத்த மூச்சில் மூட்டைக் கொக்கி அவன் வயிற்றில் ஏறியது. குடல் பலகையில் சரிந்தது. அர்த்தம் என்னவென்று அலியார் பக்கத்தில் நின்ற கப்பல்காரனிடம் கேட்டார். உன் கூடப்பிறந்தவள் என்னோடு படுத்தவள் என்று சொல்வது போல, என்றான் அவன். அதைக் கேட்ட பிறகு கொக்கி ஏற்றியவன் மேல் அலியாருக்குக் கோபம் வரவில்லை.

கடற்படை போய்விட்டது. அலியார் கிண்ணியாவில் தங்கை ரபீக்காவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு அவள் பேருக்கு அவர்தான் காவல். வீடு எழும்பினால்தான் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை கேட்கலாம். மாப்பிள்ளை தானாக உறவு கொண்டாடுவது முறையில்லை.

ஒருநாள் பின்னேரம், புது வீட்டுக்கு ஒரு கதவு நிலையும் முழ நீள இரும்புத் தாழ்ப்பாளும் வாங்கிக்கொண்டு அவர் டவுணிலிருந்து திரும்பினார். கிண்ணியாவுக்குக் கடக்க, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகும் மிதவைப் பாதையில் ஏறினார். ஹிந்திப் படம் பார்த்துவிட்டு வந்த இளந்தாரிகளால் பாதை நிறைந்திருந்தது. எல்லார் வாயிலும் அந்தப் படம்தான். பயந்தாங்கொள்ளித் தையல்காரன் ஒருவனை வைரம் கடத்தும் கும்பல் தங்கள் புதுக் கொலைகாரன் என்று நம்பிவிடுகிறது. கத்தியோடு வருகிற ஒவ்வொருவனையும் அவன் "சாலா! சாலா!" என்று கட்டிப்பிடித்துத் தப்புகிறான்.

கிண்ணியாத் தோணிக்காரர் முத்தலிப்பின் மகன் தாஹிர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவு நிலையில் கை வைத்தான்.

"பாரம்போல கிடக்கு. விடுங்க, நான் பிடிக்கிறன், சாலா!"

பாதை முழுக்கச் சிரித்தது.

"என்னடா சொன்னாய்?"

"சாலா எண்டனான்." அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

தாழ்ப்பாள் அவன் தாடையில் இறங்கியது. இரண்டு பற்கள் பலகையில் தெறித்தன. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. தாஹிரின் கூட்டாளி ஒருவன் பாதையைத் தள்ளும் தாங்குகம்பை அலியாரின் முதுகில் முறித்தான். இன்னொருவன் காதைக் கடித்தான். அலியார் உதறவில்லை. தாஹிரின் தலைமயிரைப் பற்றி இழுத்துப்போய், பாதையின் விளிம்பில் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். குமிழிகள் சிவப்பாக வந்தன. பாதை ஒரு பக்கம் சரிந்தது. யாருடையதோ சைக்கிள் கடலில் விழுந்தது.

"விடு அலியார்! பொடியன் சாகப்போறான்! அது ஏச்சில்ல!"

கத்தியவர், ஊரே பம்பாய்க் காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிறவர். பம்பாயில் வேலை செய்துவிட்டு வந்தவர். தியேட்டருக்குள் ஹிந்திக் கதையைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது அவர் வழக்கம்.

"ஏச்சில்லையா? அதுக்கு ஒருத்தன் செத்ததைப் பாத்தனான் நான்!"

"ஏச்சுந்தான், உறவுந்தான். பொண்டாட்டிட அண்ணன் தம்பியை அப்பிடித்தான் சொல்ற. மச்சான் எண்டு நான்தான் இவனுகளுக்குச் சொல்லிக்குடுத்தனான்."

அலியாரின் பிடி தளர்ந்தது. தாஹிரை இழுத்துப் போட்டார்கள். அவன் இரத்தமும் உப்புத்தண்ணீருமாகக் கக்கினான். பொண்டாட்டியின் அண்ணன் என்றால் பொண்டாட்டி யார் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஊருக்கு முன்னால் ரபீக்காவின் பேரை இழுத்து வந்தவன் தாஹிர் அல்ல, தாழ்ப்பாளைத் தூக்கிய தான்தான் என்பதும் அலியாருக்கு விளங்கியது.

வீட்டில் ரபீக்கா காதுக் காயத்தைக் கழுவினாள்.

"அவனோட கதைச்சியா நீ?"

"இல்ல காக்கா. அவர்தான், வீடு முடிஞ்சா உங்கட காக்கா என்னைக் கேட்டு வருவாரா எண்டு, அடுத்த வீட்டு உம்மு குல்சும் ராத்தாக்கிட்டச் சொல்லி என்னட்டக் கேட்டு விட்டவர். நான் பதில் சொல்லல்ல."

"இப்ப என்ன சொல்றாய்?"

"பல்லுப் போன மாப்பிள்ளையை வேற ஆரு கேட்டு வரப்போறாங்க?" அவள் துணியை அழுத்திப் பிழிந்தாள். "நீங்க மாப்பிள்ளை கேட்டுப் போகாட்டி, எங்களுக்குள்ள என்னவோ இருந்ததாலதான் அடிச்சீங்க எண்டு ஊர் கதைக்கும்."

காலையில் அலியார் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, முத்தலிப்பின் வீட்டுக்கு நிமிர்ந்தே நடந்தார். முத்தலிப் துடுப்போடு வாசலில் நின்றார்.

"ஏன் வந்தாய்? மிச்சப் பல்லுக்கா?"

"ஓர் அடி உங்களுக்குப் பாக்கி. அடிங்க. பிறகு கதைப்பம்."

முத்தலிப் இரண்டாம் முறை சொல்ல வைக்கவில்லை. துடுப்பு தோளெலும்பில் விழுந்த சத்தம் பக்கத்து வளவுக்கும் கேட்டது. அலியாரின் இடது கை தொங்கிப்போனது. தொப்பி விழுந்தது. அவர் விழவில்லை. வலது கையால் தொப்பியை எடுத்து, தட்டி, தலையில் வைத்தார்.

"என்ட தங்கச்சிக்கு உங்கட மகனை மாப்பிள்ளை கேட்டு வந்தனான்."

முத்தலிப் துடுப்பைச் சுவரில் சாத்தினார். "அவனிட்டயே கேளு. வாய் திறக்க ஏலாது அவனுக்கு."

உள்ளே தாஹிர் தாடையைச் சுற்றித் துணி கட்டிக் கிடந்தான். ஒரு கண் மூடியிருந்தது. அலியாரைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"கிட. கேட்டு வந்திருக்கிறன். சம்மதமா?"

"ம்..." என்றான் தாஹிர்.

வலியில் வந்த முனகலோ, மச்சான் என்று சொல்லத் தொடங்கி முடிக்க ஏலாமல் போனதோ, அவனுக்குத்தான் தெரியும். அலியார் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். தொங்கும் கையோடு வெளியே வந்து, கேட்டு நின்ற அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் உரக்க ஸலாம் சொன்னார்.