ஏறினால் ஸ்டாண்டு, இறங்கினால் புருஷன்

என் மனைவியின் அண்ணன் பெயர் கீம். எங்கள் வியட்நாம் மொழியில் அடக்கம் என்று அர்த்தம். பிறந்தவுடனே மாமனார் வைத்துவிட்ட பெயர். பாவம், அன்றைக்கு அவரிடம் வேறு தகவல் எதுவும் இல்லை.

அந்த மாமனாரின் திவசத்துக்காகத்தான் கீம் இந்த முறை ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். சைகோனை விட்டுப் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. கையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் எங்களுக்குச் சாக்லேட்டும் தைலமும். இன்னொன்றில் அவருடைய பாதுகாப்பு: முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், முதுகில் தகடு வைத்த ஜாக்கெட், இருட்டில் பளிச்சிடும் மஞ்சள் அங்கி, தலையை முழுசாக விழுங்கும் ஹெல்மெட். அந்தக் கோலத்தில் நிலாவில் இறங்கலாம். அவர் எங்கள் சந்தில் இறங்கினார்.

"ஹனோவர்ல பைக் ஓட்டறதுக்குன்னே தனியா பயிற்சி எடுத்தேன் மாப்பிள்ளை. சர்டிஃபிகேட் இருக்கு. இங்க நீங்கல்லாம் பண்றதுக்குப் பேரு ஓட்டறது இல்ல. வேண்டுதல்."

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா வேண்டிக்கிட்டுதான் இருக்கேன் அண்ணா. சாமியும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

என் மனைவி லியூ சிரித்தாள். சிரிக்கும்போதுகூட இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொள்வது இப்போது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. போன மழைக்காலத்தில் சந்தை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே திருகாணி வைத்து மூடியிருக்கிறார்கள். கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு நடக்க ஆரம்பித்ததே இப்போதுதான். இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் நடையே கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் மறந்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் நினைவில் வைத்திருந்தேன்.

திவசத்துக்கு அவள் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். கார் என்றால் அவளுக்கு முதல் சிக்னலிலேயே வாந்தி. நான்தான் மெதுவாகக் கூட்டிப் போவதாக இருந்தது. கீம் என் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. என் ஹெல்மெட்டைப் பார்த்தார். பாதித் தேங்காய் ஓடு.

"என் தங்கச்சி என் பின்னாடி வருவா," என்றார். "இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு உங்ககூட அனுப்ப முடியாது."

"அண்ணன் ஆசைப்படறார். விடுங்களேன்," என்றாள் லியூ. மூத்த அண்ணன் சொன்னால் எங்கள் வீடுகளில் அதற்கு மேல் பேச்சில்லை. என்னுடைய பழைய வண்டியின் சாவியைக் கொடுத்தேன். நான் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கி, கால்களுக்கு நடுவே பன்றிக்கறி முட்டைக் குழம்புப் பானையை வைத்துக்கொண்டேன்.

புறப்படுமுன் கீம் வண்டியைச் சோதித்தார். டயரை அமுக்கினார், சங்கிலியை இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு நூடுல்ஸ் கடைக்காரி, "என்ன சார், வெடிகுண்டு எடுக்கவா போறீங்க?" என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். சொன்ன கையோடு லியூவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பக்கவாட்டு ஸ்டாண்டை எடுக்கவில்லை.

ஜெர்மனியில் அவருடைய வண்டி, ஸ்டாண்டு இறங்கியிருந்தால் நகராதாம். அந்த வண்டியே அவருக்காகக் கவலைப்பட்டுக்கொள்ளும். என் கிழட்டு வண்டிக்கு அப்படி ஒரு பொறுப்பும் கிடையாது.

சந்து முனையில் வலது பக்கம் திரும்பினார். ஸ்டாண்டு இருப்பது இடது பக்கம், அதனால் ஒன்றும் ஆகவில்லை. பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் நான் பார்த்தேன். இரும்புக் கால் தரைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் ஆடிக்கொண்டு போகிறது. நேராகப் போகும்வரை பயமில்லை. வண்டி இடது பக்கம் சாய்ந்தால் அது தரையில் ஊன்றும், ஏறியிருப்பவர்களைத் தூக்கி எறிந்துவிடும்.

ஆகஸ்ட் புரட்சி சாலை நேரே ஜனநாயக ரவுண்டானாவில் போய் முட்டுகிறது. புரட்சிக்கும் ஜனநாயகத்துக்கும் நடுவே எப்போதும் நெரிசல்தான். ரவுண்டானாவில் எல்லோருக்கும் உரிமை உண்டு, முறை மட்டும் யாருக்கும் கிடையாது. அதைச் சுற்றித்தான் மைத்துனன் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் நாட்டில் சாலையின் வலது பக்கமாகத்தான் ஓட்டுவோம், அதனால் சுற்றுவது என்றால் இடது பக்கம் சாய்வது.

நான் வேகத்தைக் கூட்டினேன். குழம்பு என் பாதத்தில் கொட்டியது. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஆறேழு வரிசை வண்டிகள்.

"சோங்," என்று கத்தினேன். "சோங், அண்ணா."

ஸ்டாண்டுக்கு எங்கள் மொழியில் அதுதான் பெயர். எனக்கு முன்னால் பின்சீட்டில் குளிர்பதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவன் திரும்பிப் பார்த்தான். என் கண் போன திசையைப் பார்த்தான். ஸ்டாண்டைப் பார்த்தான். அவ்வளவுதான், இனி அது என் குடும்ப விஷயம் இல்லை, சாலையின் விஷயம்.

இந்த ஊரில் நடைபாதையில் வண்டி ஏறும், சிவப்பு விளக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள், தோளில் தொங்கும் பையைப் பறிப்பவனும் உண்டு. ஆனால் உன் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் நீ தனியாள் இல்லை. பையைப் பறிக்க வந்தவன்கூட முதலில் ஸ்டாண்டைச் சொல்லிவிட்டுத்தான் பறிப்பான்.

"சோங் கீழ கெடக்கு," என்றான் பெட்டிக்காரன். அவனுக்கு முன்னால் உணவு கொண்டுபோகும் பச்சைச் சட்டைக்காரன் அதை வாங்கி, "சோங், மாமா, சோங்," என்று கொடுத்தான். ஒரு கல்லூரிப் பெண், ஒரு பூக்காரி, பேரக்குழந்தையை முன்னால் நிறுத்தி ஓட்டிப்போன ஒரு கிழவர். சாலை முழுக்க அந்த ஒரே சொல் எனக்கு முன்னால் ஓடியது.

கீமின் மஞ்சள் முதுகு விறைத்தது. வேகத்தை இம்மியும் குறைக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து கத்தினால் அது கொள்ளைக் கூட்டம், நிற்கக் கூடாது என்று முந்தின நாள் சாப்பிடும்போது எங்களுக்குப் பாடம் நடத்தியவர் அவர்.

லியூ குனிந்து பார்த்துவிட்டாள். அவர் தோளைத் தட்டி என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மறுபடி தட்டினாள். மறுபடி ஆட்டினார். பிறகு, பச்சைச் சட்டைக்காரன் அவர் காதருகே போய், "சோங், மாமா," என்று கத்தியபோது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு கர்ஜனை வந்தது.

"நான் புருஷன் இல்லடா. அண்ணன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோங் என்று குரலை மேலே ஏற்றிச் சொன்னால் ஸ்டாண்டு. கீழே இறக்கிச் சொன்னால் புருஷன். உலகத்திலேயே சிறந்த அந்த ஹெல்மெட்டின் பஞ்சு, ஏறுகிற குரலையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு இறங்கியதை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. ஊரே தன் தங்கையையும் தன்னையும் காட்டி, புருஷன், புருஷன் என்று கேலி செய்வதாக அவர் நினைத்திருக்கிறார். லியூ தட்டிச் சொன்னபோதும், பின்னால் புருஷன் வருகிறான் என்று சொல்வதாக நினைத்து, "வரட்டும், அவர் பாட்டுக்கு வரட்டும்," என்றாராம். இது அவள் பிற்பாடு சொன்னது.

பச்சைச் சட்டைக்காரன் மிரண்டு பின்வாங்கினான். "அண்ணனா இருந்தா என்ன, சித்தப்பனா இருந்தா என்ன, ஸ்டாண்ட எடுய்யா," என்று பூக்காரி முணுமுணுத்தாள். ரவுண்டானா தெரிய ஆரம்பித்தது. நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். லியூவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர்களுக்கு இடது பக்கமாக ஒரு நிஞ்சா போனாள்.

வெயிலுக்குப் பயந்து தலை முதல் கால் வரை பூப்போட்ட அங்கியில் மூடி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு வண்டியோட்டும் பெண்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சைகோனின் ஆண்கள் எல்லோரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், நிஞ்சாவுக்குப் பக்கத்தில் ஓட்டக் கூடாது என்பது. வலது சிக்னல் போட்டு இடது பக்கம் திரும்புவாள், இரண்டும் போடாமல் நின்றும் விடுவாள். இவளுடைய வலது சிக்னலும் எந்தத் தெருவிலோ போட்டது, இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவள் எதுவும் பேசவில்லை. கீமின் வண்டியை ஒட்டினாற்போல் வந்தாள். வலது காலை நீட்டினாள். பிளாஸ்டிக் செருப்பின் நுனியால் ஸ்டாண்டைப் பின்பக்கமாக ஒரு தட்டு. இரும்புக் கால் மடங்கிக்கொண்டது. காலை எடுத்துத் தன் வண்டியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முன்னே போய்விட்டாள்.

கீம் ரவுண்டானாவுக்குள் நுழைந்து, ஹனோவரில் கற்றுக்கொடுத்தபடி, இடது பக்கம் அழகாகச் சாய்ந்தார். வண்டி சுற்றியது. லியூ அதன் மேல் இருந்தாள். சுற்றி முடித்தபோதும் இருந்தாள்.

நான் அந்தப் பூப்போட்ட அங்கியைத் துரத்தினேன். நன்றி என்றுதான் சொல்ல நினைத்தேன். பக்கத்திலும் போய்விட்டேன். முகம் தெரியாத ஒருத்தியிடம், என் மனைவியை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய் என்று ஓடுகிற வண்டியில் எப்படிச் சொல்வது?

"அக்கா," என்றேன். "சிக்னல் எரியுது."

குனிந்து பார்த்தாள். அணைத்தாள். கையுறை போட்ட கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். பிறகு, சிக்னல் எதுவும் இல்லாமல், நாலு வண்டிகளுக்குக் குறுக்கே இடது பக்கம் திரும்பிப் போனாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும்.

மைத்துனன் வீட்டு வாசலில் லியூ தானாகவே இறங்கி, தானாகவே படியேறி உள்ளே போனாள். மாமனார் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினாள். எல்லோரும் ஏற்றிய பிறகு தனியாக இன்னொன்றை ஏற்றி, வாசல் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தெருவோரத் தொட்டியில் குத்தினாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சாப்பாட்டில் கீம் கதையை ஆரம்பித்தார்.

"ஒரு கீறல் இல்லாம கூட்டியாந்தேன். ஆனா இந்த ஊர் கெட்டுப் போச்சுப்பா. கூடப் பொறந்தவளோட போனா புருஷனான்னு கேட்டுத் தொரத்தறான். கடைசில ஒரு பொம்பள வந்து வண்டிய எட்டி உதைக்கறா."

மைத்துனன், குழம்பு குறைந்திருந்த பானையையும் என் ஈரச் செருப்பையும் பார்த்துவிட்டு, "அண்ணா," என்றான் மெதுவாக, "எந்த சோங்? ஏறுற சோங்கா, இறங்குற சோங்கா?"

கீம் சாப்ஸ்டிக்கை வைத்தார். உதடு மட்டும் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தது. எழுந்து வாசலுக்குப் போய், என் வண்டியருகே குந்தி, ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. லியூ மட்டும் ஒரு கிண்ணத்தில் சோறும் முட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறிடும் அண்ணா."

"விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்டி?"

"விழல. விடுவாங்களா?"

சாயங்காலம் திரும்பும்போது லியூ என் பின்னால் உட்கார்ந்தாள். கீம் ஸ்கூட்டரில், வெறும் பானையோடு. தலையில் மைத்துனனிடம் கேட்டு வாங்கிய பாதித் தேங்காய் ஓடு. காது இரண்டும் வெளியே தெரிந்தன. அவை கொஞ்சம் பெரிய காதுகள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பாதி வழியில் முன்னால் ஒரு சின்னப் பெண் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வருகிறாள் போல. ஸ்டாண்டு இறங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கீம் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு அவள் பக்கத்துக்குப் போய்விட்டார்.

"சோங்கும்மா, சோங்," என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். குரல் நன்றாகக் கீழே இறங்கியது.

அந்தப் பெண் பதறிப் போனாள். புருஷனா, எங்கே என்று இடமும் வலமும் பார்த்து, அவசரமாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினாள். காலை ஊன்றப் போனபோது ஸ்டாண்டு கண்ணில் பட்டது. தட்டி மடக்கிவிட்டுச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றி மாமா."

கீம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். தன் சர்டிஃபிகேட்டைக்கூட அவர் அப்படி ஒரு முகத்தோடு காட்டியதில்லை.

"தப்பா சொன்னாருன்னு சொல்லிடாதீங்க," என்றாள் லியூ என் காதில். அவள் சிரிப்பது என் முதுகில் தெரிந்தது. இடுப்புக்குப் போகாமல் இரண்டு கைகளும் என் தோளில்தான் இருந்தன.